ஊர்ப் பட்டியலை எழுதுவது யார்?

1878ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு தொலைபேசிப் பட்டியல் வெளியானது. ஒரே ஒரு தாள், 50 பெயர்கள். எண்கள்கூடக் கிடையாது. இணைப்பகத்தில் இருப்பவரிடம் பெயரைச் சொன்னாலே போதும். அந்தத் தாள் நாளடைவில் தலையணை அளவுக்குப் பருத்துவிட்டது. தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த மஞ்சள் பக்கங்களை நம் வட்டார மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணம் கட்டிய கடையின் பெயர் அதில் பெரிய எழுத்தில் வரும். அந்தக் கடைக்காரர் நாணயமானவரா, சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுப்பாரா என்பது மட்டும் வராது. அதற்கு அக்கம்பக்கத்தாரைத்தான் கேட்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் சொல்வதையே ஒரு பட்டியலாக்கினால் என்ன? இந்த எண்ணம் இணையத்தோடு பிறந்தது என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால், இணையம் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் அதைச் செய்து பார்த்துவிட்டனர்.

1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தனர். எங்கே தங்கலாம், எந்த மருத்துவர் இலவசமாகப் பார்ப்பார் என்று தொலைபேசியில் வழிகாட்டத் தொண்டர் குழுக்கள் தோன்றின. ஒவ்வொரு குழுவும் தனக்குத் தெரிந்ததைத் தனியே குறித்து வைத்திருந்தது. இவற்றையெல்லாம் ஒரே கணினியில் சேர்த்துவிடலாம் என்பது ‘ரிசோர்ஸ் ஒன்’ என்ற அமைப்பின் திட்டம். எஸ்டிஎஸ் 940 என்ற பெரிய கணினி ஒன்றும் அதற்கு நன்கொடையாகக் கிடைத்தது. கணினி கிடைத்ததே தவிர, குழுக்கள் ஆர்வம் காட்டவில்லை. அப்படியானால் மக்களிடமே நேராகக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தவர்களில் லீ ஃபெல்சென்ஸ்டீன், எஃப்ரம் லிப்கின், மார்க் ஸ்பகோவ்ஸ்கி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். தங்கள் முயற்சிக்கு ‘கம்யூனிட்டி மெமரி’ என்று பெயர் வைத்தனர். ஊரின் நினைவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

1973 ஆகஸ்டில், பெர்க்லி நகரில் மாணவர்கள் நடத்திவந்த லியோபோல்ட்ஸ் இசைத்தட்டுக் கடையின் மாடிப்படி முகப்பில் ஒரு டெலிடைப் இயந்திரம் வைக்கப்பட்டது. பக்கத்திலேயே இசைக்கலைஞர்கள் சீட்டு ஒட்டும் அறிவிப்புப் பலகை. இயந்திரம் தடதடவென்று இரைச்சல் போடும் என்பதால் அதை அட்டைப் பெட்டிக்குள் அடைத்து, கை நுழைக்க இரண்டு துளைகளும், பார்ப்பதற்குத் தெளிவான பிளாஸ்டிக் சன்னலும் வைத்திருந்தனர். விரிகுடாவுக்கு அப்பால் இருந்த கணினியோடு அது தொலைபேசிக் கம்பி வழியே பேசியது. விநாடிக்கு 10 எழுத்துகள்தான் வரும். பழகிக்கொள்ள வேண்டிய முக்கியக் கட்டளைகள் இரண்டு: சேர், தேடு. உதவிக்கு ஓர் ஆளும் பக்கத்தில் இருப்பார்.

வேலை, வாடகை வீடு, பழைய கார் ஆகியவற்றைத்தான் மக்கள் தேடுவார்கள் என்று எதிர்பார்த்தனர். முதலில் வந்து குவிந்தவர்களோ இசைக்கலைஞர்கள். பிறகு கவிதைகள் வந்தன, வேடிக்கைப் பெயர்களில் கிறுக்கல்களும் வந்தன. நல்ல ‘பேகல்’ ரொட்டி இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டு வைத்தார். இரண்டு பதில்கள் கடைகளைக் காட்டின. மூன்றாவது பதில்தான் சுவையானது. இன்ன எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், முன்பு பேகல் சுட்டவர் ஒருவர் அதைச் செய்யவே கற்றுத் தருவார் என்றது அது! எந்த மஞ்சள் பக்கத்தில் இப்படியொரு வரி வரும்? விளம்பரம் கொடுக்க அவரிடம் கடையே இல்லையே.

1975 ஜனவரியில் இந்த முதல் முயற்சி நின்றது. அந்தப் பெரிய கணினியைப் பராமரிக்கும் செலவு தாங்கவில்லை. அதே அமைப்பை வேறு ஊர்களில் நிறுவவும் வழியில்லை. ஃபெல்சென்ஸ்டீன் பின்னர் 1981இல் வெளிவந்த ஆஸ்பர்ன் 1 என்ற தூக்கிச் செல்லும் கணினியை வடிவமைத்தவர் என்ற வகையில் புகழ்பெற்றார். 1980களில் ‘கம்யூனிட்டி மெமரி’ பெர்க்லியில் மீண்டும் தலைகாட்டி 1992 வரை நீடித்தது. இம்முறை படிப்பது இலவசம், எழுத வேண்டுமானால் 25 காசு நாணயம் போட வேண்டும். தெரிந்ததைச் சொல்ல வருபவரிடமே கட்டணம் கேட்பது விசித்திரந்தான்.

இடையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ‘விக்கி’ அகப்பக்கத்தை 1995இல் வார்டு கன்னிங்ஹாம் உருவாக்கினார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்று பொருள். 2004இல் அதே கலிபோர்னியாவின் டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் பிலிப் நியூஸ்ட்ராம், மைக் இவானோவ் என்ற இரு மாணவர்கள் அந்த ஊருக்கென்றே ஒரு விக்கியைத் தொடங்கினர். உணவகம், வாடகைக் குடியிருப்பு, தேரைகள் சாலையைக் கடக்க 1990களில் அமைத்த சுரங்க வழி என எல்லாவற்றுக்கும் பக்கங்கள் உண்டு. தன் கடையைப் பற்றிய குறையைக் கடைக்காரரே அழித்துவிட்டால் என்ன செய்வது? யார் எதை மாற்றினார் என்ற பழைய வடிவம் விக்கியில் தங்கிவிடும். அடுத்து வருபவர் அதை மீட்டுவிடலாம்.

அதே 2004இல்தான் சான் பிரான்சிஸ்கோவில் ‘யெல்ப்’ நிறுவனமும் தோன்றியது. அங்கும் கடைகளைப் பற்றி எழுதுபவர்கள் மக்களே. ஆனால், விளம்பரம் விற்பதும் எதை முன்னே காட்டுவது என்று தீர்மானிப்பதும் நிறுவனம். டேவிஸ் விக்கியில் எழுதப்பட்டதையோ எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் படியெடுக்கலாம். இந்த வேறுபாடு சிறியதன்று.

டேவிஸ் முறையை மற்ற ஊர்களுக்கும் பரப்ப 2010இல் நைட் அறக்கட்டளை 350,000 அமெரிக்க டாலர் வழங்கியது. ஓக்லண்ட் போன்ற நகரங்கள் சேர்ந்தன. ஆயினும் விதைத்த இடமெல்லாம் டேவிஸ் அளவுக்கு விளையவில்லை. மென்பொருளைப் பணம் கொடுத்துச் செய்துவிடலாம். மாலை வேளையில் உட்கார்ந்து தன் தெருவைப் பற்றி எழுதும் ஆளைப் பணம் கொடுத்து உருவாக்குவது எளிதல்ல.

டேவிஸ் விக்கியில் ஒரு பக்கம் மூடப்பட்ட கடைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மஞ்சள் பக்கங்களில், கடை மூடினால் அடுத்த ஆண்டே அதன் பெயர் போய்விடும். இங்கே அந்தக் கடை எங்கே இருந்தது, அதன் இடத்தில் பிறகு என்ன வந்தது என்பதை ஊர்க்காரர்கள் எழுதி வைத்தனர்.