ஏரிக்குள் ஒரு நகர்

தீபாவளி நெருங்கினால் கால் வைக்க இடமில்லாத தியாகராய நகர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் படகுப் போட்டி நடந்திருக்கிறது. நுங்கம்பாக்கம் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த அந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மாம்பலம் ஏரி. மவுண்ட் ரோடு அதன் கிழக்குக் கரையை ஒட்டிப் போனது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது.

1921 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை சுமார் 5.27 லட்சம். பழைய பேட்டைகள் நிரம்பி வழிந்தன. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது; அந்த ஆண்டு தேர்தலில் வென்ற நீதிக்கட்சி ஆட்சியில் அமர்ந்தது. குடியிருக்க மனை வேண்டும் என்று தேடியவர்களின் கண்ணில் மாம்பலம் ஏரி பட்டது. ஏரியை வடித்து, மேடாக்கி, மனை பிரித்தார்கள்.

போட்ட வரைபடத்தில் குறை சொல்ல அதிகமில்லை. நடுவே ஒரு பெரிய பூங்கா, அதிலிருந்து பிரிந்து செல்லும் அகலச் சாலைகள், கிணறும் தென்னையும் வைத்துக்கொள்ளத் தோதான மனைகள். முதலில் பூங்காவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு அப்புறம் வீட்டைப் பற்றி யோசித்த அந்த ஒழுங்கு, பின்னால் வந்த எத்தனையோ புறநகர் மனைப்பிரிவுகளுக்கு வாய்க்கவில்லை.

பெயர்கள் தனிக்கதை. 1916இல் நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரும் இங்கே அருகருகே இருக்கிறார்கள். 1925இல் மறைந்த பிட்டி தியாகராயர் நகருக்கே பெயரானார், நடேசனார் பூங்காவானார், டி.எம்.நாயர் சாலையானார். அன்று முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் நடுப்பூங்காவுக்குப் பெயர் தந்தார். உஸ்மான் சாலையும் அந்தக் கட்சிக்காரர் பெயர்தான். சௌந்தர பாண்டியன் பெயரிலான கடைத்தெருவை மக்கள் பாண்டி பஜார் ஆக்கிக்கொண்டார்கள். ஓர் அரசியல் இயக்கத்தின் வரலாற்றைத் தெருத்தெருவாக நடந்தே படிக்கக்கூடிய இடம் சென்னையில் இதுபோல் வேறில்லை.

ஆனால் ஏரியை அவர்கள் சும்மா கிடக்கும் நிலமாகவே கணக்கிட்டார்கள். என் வருத்தம் அதில்தான். மனைக்கு அளவு இருந்தது, சாலைக்கு அகலம் இருந்தது. ஏரியில் தங்கி வந்த மழைநீர் இனி எங்கே தங்கும் என்பதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை. தோட்டத்தோடு தனி வீடுகள் இருந்தவரை மண் கொஞ்சம் குடித்துக்கொண்டது. பிறகு ஒரு கிரவுண்டில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுப் பத்து பிளாட்டுகள் எழுந்தன; தோட்டம் கார் நிறுத்துமிடமாயிற்று; ரங்கநாதன் தெருவில் வீடு இருந்த தடயமே தேய்ந்துவிட்டது. வடக்கே நுங்கம்பாக்கம் ஏரியும் மனைகளானது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரி இருந்த இடத்தில்தான்.

இன்று இந்தப் பகுதியின் மழைநீரில் பெரும்பங்கை மாம்பலம் கால்வாய் சுமக்கிறது. வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தியாகராய நகரைக் கடந்து, நந்தனம் அருகே அடையாற்றில் சேரவேண்டிய ஒடுங்கிய வழி அது. 2021 நவம்பர் மழையில் தண்ணீர் வடியாமல் இங்குள்ள தெருக்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. இங்கே இன்னொரு மாடிக்கு அனுமதி கொடுக்கும் முன், பழைய ஏரியின் எல்லைக்கோட்டை அந்தக் கட்டடத்தின் வரைபடத்தின்மேல் வரைந்து பார்க்கச் சொல்லும் விதி வேண்டும்.