புத்தகம் நனைந்த டிசம்பர்

மேற்குத் தாம்பரத்தில் எனக்கு வாஷிங் மெஷின், மிக்ஸி ரிப்பேர் தொழில். நான் வேலை பழகிய காலத்தில் மெஷினோடு வரும் புத்தகத்தை யார் பிரித்தார்கள்? பழைய ரேடியோ என்றால் சிலவற்றில் பின்மூடியிலேயே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். மற்றதற்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெரு.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. பத்திரமும் ரேஷன் கார்டும் வைத்த பையிலேயே கையேடுகளும் ஊறிக் கூழாகின. சேறு கழுவிக் காயவைத்த மெஷின் உயிர்பெற்றாலும் திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் மின்னும். "அண்ணே, இது என்ன கோடு?" என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். நான் பார்த்தவரை, இணையத்தில் பிடிஎஃப் தேடும் பழக்கம் எங்கள் பக்கம் அப்போதுதான் பிடித்தது.

பிராண்டு பெயர் மட்டும் போதாது. கதவோரத்திலோ முதுகிலோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண் வேண்டும், கடைசி எழுத்துவரை. வெள்ளம் அந்த ஸ்டிக்கரையும் உரித்த வீடுகள் உண்டு. அங்கே பில்லைத் தேட வேண்டியதுதான், அதுவும் நனையாமல் இருந்தால். கையேட்டைத் தரக் கார்டு நம்பர் கேட்கும் தளங்களை நான் தொடுவதே இல்லை. பெரிய கம்பெனிகளின் சொந்தப் பக்கத்திலேயே சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு?

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு போர்ட்டல் திறந்தது. கம்பெனிகளின் கையேடு, வாரண்டி விவரங்களுக்கு அங்கிருந்தே போகலாம். ஆனாலும் என் வாடிக்கையாளர்களில் பலர் இன்னும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள்.