திப்பிலிக்கு இருந்த மதிப்பு

சளி கட்டினால் எங்கள் அப்பத்தா சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் இளஞ்சூட்டில் வறுத்து இடிப்பார். துணியில் சலித்த பொடியைத் தேனில் குழைத்துத் தருவார். திப்பிலியின் காரம் மெல்ல ஏறி நாக்கு மரத்துப்போகும்.

இந்தக் கூட்டுதான் திரிகடுகம். பாட்டுக்கு மூன்று கருத்து சொல்லும் நல்லாதனாரின் பதினெண்கீழ்க்கணக்கு நூலுக்கும் அதுவே பெயர். மக்கள் அறிந்த மருந்தாக இருந்ததால்தான் அந்தப் பெயர் பொருந்தியது.

கடல் கடந்தும் திப்பிலிக்கு மதிப்பு இருந்தது. முதல் நூற்றாண்டு ரோமில் ஒரு ராத்தல் கருமிளகின் விலை 4 தெனாரியஸ் வெள்ளிக்காசு, திப்பிலியோ 15 என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்துவைத்தார். பிற்காலத்தில் ஐரோப்பியச் சமையல் அதை மறந்துவிட்டது. நாம் மறக்கக் கூடாது. கொல்லிமலையில் இன்றும் அது விளைகிறது. நாட்டுமருந்துக் கடையில் பொடியாக வாங்காதீர்கள்; முழுத் திப்பிலியாகக் கேட்டு வாங்கி, வீட்டிலேயே இடியுங்கள்.