தங்கவயலில் ஒரு வலை – 7: பளிச்சிட்ட குழாய்கள்

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் இரண்டு மாதம் காத்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம். தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் பொழிகிற துகள் அது!

வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனனும் ஸ்ரீகண்டனும் அந்த வெறுமையையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். மேலிருந்து எதுவும் வராத இடத்தில், பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறக்கும் மியூவான் மட்டும்தானே அகப்படும்? ஒசாகாவிலிருந்து மியாகே, இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்து உல்ஃபெண்டேல் கைகோத்தார்கள். நிலத்துக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, புழுங்கும் குடைவில் கருவி எழுந்தது.

அதன் உயிர்நாடி நியான் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். அவற்றை உலோகத் தகடுகளுக்கு நடுவே அடுக்கினார்கள். பிளஸ் டூ பாடத்தில் வருகிற இணைத்தட்டு மின்தேக்கியேதான் அது. மின்னழுத்த வேறுபாடு என்பது ஷாஃப்டின் ஆழம் மாதிரி. ஆழம் கூடக்கூட, வாயிலிருந்து நழுவும் கல் அதிக ஆற்றலோடு அடியில் மோதும். இங்கே கல்லுக்குப் பதில் எலக்ட்ரான். அதே வோல்டேஜில் தகடுகளை நெருக்கி வைத்தால் மின்புலம் இன்னும் வலுக்கும்.

ஆனால் தகடுகளில் எந்நேரமும் உயர் அழுத்தம் இருந்தால் குழாய்கள் கண்டபடி ஒளிரும். அதனால் மின்னூட்டத்தைத் தனி மின்தேக்கிகளில் சேர்த்து வைத்தார்கள். இருபுறமும் நிற்கும் ஒளிர் பிளாஸ்டிக் சுவர்கள் ஒருசேரக் குறிப்புக் கொடுத்தால்தான் அது தகடுகளில் பாயும். மியூவான் போன வழியில் நியான் அணுக்களிலிருந்து பிய்ந்த எலக்ட்ரான்கள் வேகமெடுத்து மற்ற அணுக்களை மோத, இன்னும் எலக்ட்ரான்கள் பிய்ந்து பெருக, அந்தக் குழாய்கள் மட்டும் பளிச்சிடும். காமிரா படமெடுத்துவிடும்.

1965. ஃபிலிமில் ஒரு தடம் விழுந்தது. செங்குத்தாக அல்ல, நன்றாகச் சாய்ந்து! அந்தச் சாய்வில் வான்துகள் வரவேண்டுமென்றால் பல கிலோமீட்டர் பாறையைத் துளைத்தாக வேண்டும். அது நடக்காத காரியம். அப்படியானால் நியூட்ரினோதான்.

உலகத்தில் முதல் தடமா? 1956-லேயே அணு உலையில் நியூட்ரினோவைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் ரைன்ஸ், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்தார். அவருடைய கருவியில் பிப்ரவரி 23-ஆம் தேதியே ஒரு துகள் சிக்கிவிட்டது. ஆனால் ஆய்வுக் கட்டுரை இன்னும் அச்சேறவில்லை. எந்தக் கட்டுரை முந்தியது?

(தொடரும்)