சன்னல் வரை வந்த சட்டம்

2015 ஜனவரியில் சிங்கப்பூர் நீதிமன்றம் ஒருவருக்கு 19,800 வெள்ளி அபராதம் போட்டது. தன் வீவக வீட்டுச் சன்னல் வழியாகச் சிகரெட் துண்டுகளைக் கீழே வீசினார் என்பது குற்றம். மொத்தம் 34 துண்டுகள். 33 துண்டுகளுக்குத் தலா 600 வெள்ளி. மிச்சமிருந்த ஒன்றுக்கு 5 மணி நேரம் பொது இடத்தைச் சுத்தம் செய்யும் வேலை. மாடியிலிருந்து குப்பை வீசியதற்கு அதுவரை யாருக்கும் அவ்வளவு பெரிய தொகை விழுந்ததில்லை. பாக்கெட்டுக்கு 20 குச்சி என்றால் ஒரு பாக்கெட் பன்னிரண்டாயிரம் வெள்ளியாச்சே என்று கோப்பிக் கடையில் கணக்குப் போட்டுச் சிரிக்கத் தோதான செய்தி.

அந்த மனிதரை விட்டுவிடுவோம். வீவக வீட்டில் இருக்கும் ஒருவர் சிகரெட்டோடு சன்னலோரம் போய் நிற்பதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது. துண்டு போய் விழுகிற புல்தரைக்கு அதைவிடப் பழைய வரலாறு. புகைக்கு ஒரு கதை, புல்லுக்கு ஒரு கதை என்று பிரித்துச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. நான் புல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்ம ஆளுங்க அதில்தான் முதலில் வருகிறார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடில்லாதவர்களாக்கியது. அதன்பிறகு அடுக்குமாடிகள் மளமளவென்று எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000 வீடுகளுக்கு மேல். கம்பத்திலிருந்து மாடிக்குப் போனவர்கள் இழந்ததாகப் பல விஷயங்களைப் பட்டியல் போடுவார்கள்: கோழி, மரம், பக்கத்து வீட்டுக்காரர். வாசலை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கம்பத்து வீட்டில் வாசல் அந்த வீட்டுக்குச் சொந்தம். காலையில் எழுந்து கூட்டித் தண்ணி தெளிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கூட்டாமல் விட்டால் ஊர் கேட்கும். மாடி வீட்டில் கதவைத் திறந்தால் எல்லாருக்கும் பொதுவான தாழ்வாரம், அதைத் தாண்டினால் மின்தூக்கி, கீழே இறங்கினால் புல்தரை. அங்கே யார் கூட்டுவது?

பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. பிரிட்டிஷ் நகராட்சிக் காலத்திலிருந்து சிங்கப்பூரின் தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்துவந்த நாட்சம்பளத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள். 'மாடு மேய்ப்பவன், ரோடு கூட்டுபவன்' என்று நம்மைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த படமும் அங்கிருந்து வந்ததுதான்.

மாடும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1963 ஜூன் மாதம் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். சிங்கப்பூரின் பசுமைக் கதையை அந்த நாளிலிருந்து சொல்வது வழக்கம். சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த இந்தியர்களின் மாடுகளும் ஆடுகளும் அந்தக் கதையில் வில்லன்கள். 1965 ஜனவரி 31 வரை கெடு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவிழ்ந்து திரிந்த மாடுகள் வெட்டப்பட்டு, இறைச்சி நல இல்லங்களுக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் 53 மாடுகள். லீ தன் நினைவுக்குறிப்பில் இந்த எண்ணிக்கையைச் சொல்லி, கொஞ்ச நாளிலேயே எல்லா மாடும் கொட்டிலுக்குத் திரும்பிவிட்டது என்று முடிக்கிறார். மாட்டுக்காரர் வீட்டில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதிவைக்க நம்மில் ஆள் இல்லாமல் போனார்கள்.

அடுத்து 1967 பிப்ரவரி 1. நாட்சம்பளத் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 பேர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். அரசு அதைச் சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றது. கூட்டமைப்பின் தலைவர் கே. சுப்பையாவும் துப்புரவுச் சங்கத் தலைவர்களும் கைதானார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களைத் தாங்களே வேலையிலிருந்து நீக்கிக்கொண்டவர்கள், மறுபடி வேலை வேண்டுமென்றால் மறுநாள் வந்து விண்ணப்பிக்கலாம் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. மறுநாள் 90 விழுக்காட்டினர் வரிசையில் நின்றார்கள். சங்கமும் கூட்டமைப்பும் பதிவு நீக்கப்பட்டன. சிங்கப்பூரின் தொழில் உறவு வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை என்று லீயே எழுதியிருக்கிறார்.

'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' இயக்கம் 1968 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கியது. வேலைநிறுத்தம் முறிந்து இருபது மாதம். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் துப்புரவு வரலாறு இந்த இயக்கத்திலிருந்து தொடங்கும், சுவரொட்டியோடும் சின்னத்தோடும். முந்தைய பக்கத்தில் இருப்பது கிழிக்கப்பட்ட ஒரு சங்கத்தின் பதிவுச் சான்றிதழ். கூட்டுகிறவர் குரல் அடங்கிய பிறகுதான் கூட்டுவது தேசியக் கடமை ஆனது என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி புகை. லீ ஒரு காலத்தில் நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தவர். 1957 நகராட்சித் தேர்தல் பிரசாரத்தில் தொண்டை கட்டி, வாக்காளர்களுக்கு நன்றி சொல்லக்கூடக் குரல் வராமல்போக, அத்தோடு விட்டார். பழக்கத்தை விட்டவர்கள் அதைத் தொடர்கிறவர்களிடம் காட்டும் கறார் நமக்குத் தெரிந்ததுதானே, எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு மாமா இருப்பார். 1970இல் பேருந்து, திரையரங்கு, நாடக அரங்கு ஆகியவற்றில் புகைக்கத் தடை வந்தது. அடுத்த ஆண்டு சிகரெட் விளம்பரம் நின்றது. உலகில் பல நாடுகளில் விமானத்துக்குள் புகைத்துக்கொண்டிருந்த காலம் அது.

தடை விரிந்த விதத்தை ஒரு வரைபடமாகப் பார்த்தால் சுவாரசியம். 1970இல் சட்டம் திரையரங்கில் இருக்கிறது, வீட்டிலிருந்து ரொம்ப தூரம். 2006இல் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடைக்கு வந்துவிட்டது. மஞ்சள் கோடு போட்ட மூலைக்குள் மட்டும் புகைக்கலாம். 2009இல் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இடமும் கட்டட நுழைவாயிலிலிருந்து 5 மீட்டர் தூரமும். 2013 ஜனவரி 15இல் படிக்கட்டு, தாழ்வாரம், கீழ்த்தளம், கூரையுள்ள நடைபாதை எல்லாம். அதாவது வீட்டுக் கதவு வரை. மீறினால் 200 வெள்ளி, நீதிமன்றம் போனால் 1,000 வரை. 2016இல் அக்கம்பக்கப் பூங்காக்களும் சேர்ந்துகொண்டன.

கதவுக்கு வெளியே இருப்பதெல்லாம் யாருடையது என்பதில் இதற்கு முன்பே ஒரு மாற்றம் நடந்திருந்தது. 1986இல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988இல் சட்டமாகி, வீவக பேட்டைகளின் பராமரிப்பு நகர மன்றங்களின் கைக்குப் போனது. புல் வெட்டுவது, தாழ்வாரம் கழுவுவது, மின்தூக்கி பழுது, சாயம் பூசுவது எல்லாம் நாடாளுமன்ற உறுப்பினரின் தலைமையில். மாதாமாதம் நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் அதற்குத்தான். அதே 1988இல்தான் மின்தூக்கிக்குள் சிறுநீர் கழித்தால் கதவு பூட்டிக்கொள்ளும் கருவி பற்றிய சட்டமும் வந்தது. பேட்டை எப்படி இருக்கிறது என்பது ஓட்டுக் கேட்கும் விஷயமானது. வாசல் குப்பையாக இருந்தால் கம்பத்தில் அந்த வீட்டுப் பெண்ணைத் திட்டினார்கள். இப்போது நகர மன்றத்துக்கு போன் போடுகிறோம்.

2013 தடையில் எனக்கு முக்கியமாகப் படுவது கீழ்த்தளம். தரைத்தளத்தைக் காலியாக விட்டு வீடுகளை இரண்டாம் மாடியிலிருந்து கட்டும் வழக்கம் 1970களில் பரவியது. மலாய்க்காரர் கல்யாணம், சீனர் இழவு, நம் வீட்டுச் சாவுக்குப் பந்தலில்லாப் பந்தல் எல்லாம் அங்கேதான். ஓய்வுபெற்ற ஆண்கள் கல் மேசையில் தாம் ஆட்டம் ஆடுவதும் அங்கேதான். வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறது, "வெளிய போய்ப் பிடிங்க" என்று பாட்டி விரட்டினால் தாத்தா இறங்கி வந்து நிற்கும் இடம் அது. குடும்பமும் கட்டடமும் சேர்ந்து, யாரும் எழுதி வைக்காமல் செய்துகொண்ட ஏற்பாடு. 2013க்குப் பிறகு தாத்தாவுக்கு இரண்டு வழி: வெயிலிலும் மழையிலும் கூரையில்லாத திறந்தவெளியில் போய் நிற்பது, அல்லது திரும்ப மேலே ஏறிச் சன்னலோரம் நிற்பது. முட்டி வலிக்கிற ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்க ஆய்வு வேண்டியதில்லை.

தடை தவறு என்று நான் சொல்லவில்லை. 1992இல் 18.3 விழுக்காடாக இருந்த புகைப்போர் விகிதம் 2020இல் 10.1 ஆனது. அதில் சட்டத்துக்குப் பங்கு உண்டு, வரிக்கும் உண்டு. தாழ்வாரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்த கர்ப்பிணிகளுக்கு 2013 ஒரு விடுதலை. ஆனால் பொது இடத்திலிருந்து விரட்டிய புகை எங்கே போகும் என்ற கேள்விக்குச் சட்டம் விடை வைத்திருக்கவில்லை. அது மேல்மாடிக்குப் போனது. ஆறாம் மாடிச் சன்னலில் ஊதுவது ஏழாம் மாடிப் படுக்கையறைக்குள் வரும். அங்கே ஆஸ்துமாவில் இழுக்கும் பிள்ளை இருந்தால் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை வைத்துக்கொண்டு, இந்த ஊர் வெக்கையில் வேக வேண்டியதுதான்.

2020இல் கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது இது வெடித்தது. அந்த அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங், சன்னலோரமும் பால்கனியிலும் புகைக்கத் தடை வேண்டும் என்று பேசினார். அரசு மறுத்தது: வீடு தனியார் இடம், அதற்குள் எட்டிப் பார்ப்பது அத்துமீறல், ஆதாரம் திரட்டுவதும் கடினம். 2021 செப்டம்பரில் மறுபடி விவாதம், மறுபடி அதே பதில். பாதிக்கப்பட்டவர் அக்கம்பக்கத்தாரோடு பேசலாம், சமரசத்துக்குப் போகலாம், கடைசியில் 2015இல் அமைக்கப்பட்ட சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். புகைக்கிறவரோடு தினமும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கிக்கொண்டே.

தனியுரிமைக்கு அரசு இவ்வளவு மரியாதை தருவது நல்லதுதான். ஆனால் 2012 ஆகஸ்டிலிருந்தே தேசியச் சுற்றுப்புற வாரியம் மாடிகளை நோக்கிக் கேமராக்களை வைத்து, மேலிருந்து குப்பை வீசுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிக்குகிற குப்பையில் பெரும்பகுதி சிகரெட் துண்டு. ஒரே சன்னல், ஒரே கை, ஒரே சிகரெட். துண்டு கீழே விழுந்தால் கேமரா பார்க்கும். புகை மேலே போனால் அது அண்டை வீட்டாருக்கு இடையிலான விவகாரம். புல்தரைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏழாம் மாடிப் பிள்ளையின் நுரையீரலுக்கு இல்லை. அறுபதுகளிலிருந்து இந்த நகரம் சுத்தத்தைக் கண்ணால் அளந்தே பழகிவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் அழுக்குக்கு இங்கே எப்போதும் ஒரு சட்டம் உண்டு.

வீட்டுக்குள்ளும் தடை போட்டால் தீர்ந்ததா? போய் நிற்க வேறு இடமில்லாத வாடகை ஓரறை வீட்டுக் கிழவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். அதனால் நீ சூன் சவுத்தில் செய்ததைப் போல, புளோக்குகளிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் புகைப்பதற்கென்றே இடம் அமைக்கும் யோசனை எனக்கு நியாயமாகப் படுகிறது. பறித்த கீழ்த்தளத்துக்கு மாற்றாக ஒரு மூலையாவது கொடுக்கிறது. 'எங்க புளோக் பக்கம் வேண்டாம்' என்ற புகாரும் கூடவே வரும்.

கீழே விழுந்த துண்டுக்கு வருவோம். சிகரெட்டின் வடிகட்டி பஞ்சு மாதிரி இருந்தாலும் அது ஒருவகைப் பிளாஸ்டிக். லேசில் மட்காது. சிமெண்டுத் தரையில் கிடந்தால் துடைப்பம் தள்ளிவிடும். புல்லுக்குள் விழுந்தால் துடைப்பத்துக்கு அகப்படாது. குனிந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் புல்வெட்டி அதை நார் நாராகக் கிழித்துப் பரப்பிவிடும். மழை வந்தால் கட்டடத்தைச் சுற்றியுள்ள வடிகாலின் கம்பி வலையில் போய் அடைக்கும். விடியுமுன் இந்த வேலையைச் செய்கிறவர்கள் இப்போது நகர மன்றத்தின் ஆட்கள்கூட இல்லை, குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். உள்ளூர் முதியவர்கள், பங்ளாதேஷிகள், தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த இளைஞர்கள். 1967இல் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் நமக்குப் பெருமைதான். இடுக்கி இன்னொரு கப்பலில், பிறகு விமானத்தில் வந்தவர் கைக்கு மாறியது.

படிப்படியாக உயரும் சம்பள முறை துப்புரவுத் துறைக்கு 2014இலும், புல்லும் செடியும் பராமரிக்கும் துறைக்கு 2016இலும் கட்டாயமானது. 2014இல் துப்புரவாளருக்குத் தொடக்கச் சம்பளம் 1,000 வெள்ளியாக இருந்தது. அதுவும் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களுக்கு மட்டும். அதே புல்லில் பக்கத்தில் குனியும் பங்ளாதேஷிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 34 துண்டுக்கு 19,800 வெள்ளி என்ற கணக்கோடு இதைப் பக்கத்தில் வைத்தால், அந்த அபராதம் ஓர் ஆளின் அன்றைய ஒன்றரை ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல்.

2021 ஏப்ரல் 25இல் சிங்கப்பூர்த் துப்புரவு நாள் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்றைக்கு வீவக பேட்டைகளின் திறந்தவெளிகளை நகர மன்றங்கள் கூட்டாமல் விட்டன. கூட்டுகிறவர் இல்லாவிட்டால் நம் சுற்றுப்புறம் எப்படி இருக்கும் என்று குடியிருப்பாளர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பது யோசனை. அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை விடியுமுன் இடுக்கியோடு வந்தவருக்கு இரண்டு நாள் துண்டுகள் காத்திருந்தன.