இல்லம் புகுந்த அரவம்: மதீனா முதல் சோழமண்டலக் கரை வரை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அச்சம் வந்து சேர்ந்துவிடுகிறது. வரப்பிலும் எலிவளையிலும் ஒடுங்கிக் கிடந்த பாம்பு, வளைக்குள் நீர் புகுந்ததும் மேட்டைத் தேடி மனிதர் வாழும் இல்லத்துக்குள் நுழைகிறது. கூச்சல் எழுகிறது, கழியும் கல்லும் வருகின்றன. அந்தச் சிறு பொழுதில் நாம் செய்வதும் செய்யத் தவறுவதும் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும். இந்நிகழ்ச்சிக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில் முஸ்லிம் சமுதாயத்துக்கு உரிய பங்கையும் நாம் நினைவுகூர்வது பயனுடையது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களைக் காண அவர்தம் இல்லத்துக்கு ஒருவர் வந்தார். அப்போது அபூ ஸயீத் தொழுதுகொண்டிருந்தார். வீட்டின் ஓரத்தில் ஏதோ அசையும் ஒலி கேட்டுத் திரும்பிய விருந்தினர், அங்கே பாம்பொன்றைக் கண்டு கொல்ல எழுந்தார். அமருமாறு சைகை காட்டிய அபூ ஸயீத், தொழுகையை முடித்தபின் முன்பு நடந்த துயர நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். அகழ்ப் போரின்போது, புதிதாக மணமுடித்திருந்த அன்ஸாரி இளைஞர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அனுமதி பெற்று நண்பகலில் வீடு திரும்பினார். படுக்கையில் பெரும் பாம்பொன்று சுருண்டு கிடந்தது. ஈட்டியால் அதைக் குத்தி எடுத்து வெளியே வந்தார். பாம்பு துடித்தது, அவரும் வீழ்ந்தார். இருவரில் முதலில் இறந்தது எது என்பதே தெரியவில்லை. இதனைச் செவியுற்ற நபிகளார், மதீனாவில் இஸ்லாத்தை ஏற்ற ஜின்கள் இருப்பதாகவும், இல்லங்களில் இத்தகையவற்றைக் கண்டால் மூன்று நாள் எச்சரிக்கை விடுக்குமாறும், அதன் பின்னரும் தோன்றினால் கொல்லலாம் என்றும் அறிவுறுத்தினார்கள்.

பாம்புகளைக் கொன்றுவந்த இப்னு உமர் (ரலி) அவர்கள், இல்லத்துப் பாம்புகளைக் கொல்ல நபிகளார் தடைவிதித்ததை அபூ லுபாபா (ரலி) வாயிலாக அறிந்து கைவிட்டதை ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. அதேவேளையில், முதுகில் இரு கோடுகள் உள்ளதும் வால் குறுகியதுமான தீங்குமிக்க வகைகள் இந்தத் தடையிலிருந்து விலக்கப்பட்டன. தொழுகையில் இருக்கும்போதுகூடப் பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதியுண்டு. இவ்வறிவிப்புகளை ஒருசேர நோக்கினால், பாம்பைத் தெய்வமாக்கி வணங்குவதும் இல்லை. கண்டதையெல்லாம் அடித்துக் கொல்வதும் இல்லை. எது தீங்கானது, எது அல்லாதது எனப் பிரித்தறிவதே இங்கு வற்புறுத்தப்படுகிறது.

மூன்று நாள் எச்சரிக்கை மதீனாவுக்கு மட்டும் உரியதா, எல்லா ஊர்களின் இல்லங்களுக்கும் பொதுவானதா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (இறப்பு 1277) முஸ்லிம் நூலுக்கு எழுதிய விரிவுரையில் இவ்விரு கருத்துகளையும் பதிவு செய்துள்ளார். அவ்விவாதத்துக்குள் நாம் புகவில்லை. அனைவரும் ஒப்புகின்ற வேறு இரு அறிவுரைகள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. உறங்கச் செல்பவர் தாம் இல்லாதபோது படுக்கையில் என்ன வந்ததென்று அறியாராதலின் முதலில் அதனை உதறிவிட வேண்டும் என்பது ஒன்று. இரவில் தங்கும் பயணிகள், ஊர்வன நடமாடும் பாதையை விட்டு விலகித் தங்க வேண்டும் என்பது மற்றொன்று. கடித்தபின் தேடும் மருந்தைவிடக் கடிபடாமல் காக்கும் ஒழுங்கு முந்தியது என்பதற்கு இவை சான்றாகும்.

பிற்காலத்து அறிஞர்கள் இத்துறையை விட்டுவிடவில்லை. பஸராவின் ஜாஹிஸ் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் ஹயவான்’ பாம்புகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ நான்காம் பாகத்தில் நஞ்சுகளுக்குத் தனி இடம் உண்டு. ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் அல்காழீ அல்ஃபாழில் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கெய்ரோவின் யூத மருத்துவர் இப்னு மைமூன் 1199இல் நஞ்சுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மருத்துவர் வந்து சேருமுன் பாமரர் என்ன செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நேரத்தின் அருமை உணரப்பட்டிருந்தது என்பது வியப்புக்குரியது. ஆயினும் அக்காலத்து முறைகளான இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவற்றை இன்றைய மருத்துவம் தவறெனத் தள்ளிவிட்டது. முன்னோரிடமிருந்து நாம் கொள்ள வேண்டியது அவர்களின் தேடலையே; அவர்களின் முடிவுகள் அனைத்தையும் அல்ல.

அரபு மண்ணையும் நம் கரையையும் இத்துறையில் இணைப்பவர் ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். பேட்ரிக் ரஸ்ஸல் சிரியாவின் ஹலப் நகரில் இருபதாண்டு அளவில் மருத்துவராக வாழ்ந்தவர். 1781இல் இந்தியா வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தார். நஞ்சுள்ள பாம்பையும் நஞ்சற்றதையும் மக்கள் பிரித்தறிய ஒரு வழி காண வேண்டும் என்பது அவர் எண்ணம். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவரது நூலின் முதற்பகுதி 1796இல் வெளிவந்தது. அந்நாளில் பாம்புக்கடிக்குப் பெயர்பெற்றிருந்த, பாஷாணம் கலந்த ‘தஞ்சாவூர் மாத்திரை’யையும் அவர் சோதித்தார், அதன் புகழுக்கேற்ற பயனை அவர் காணவில்லை. நம் கண்ணாடி விரியன் இன்று ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

உண்மையான மருந்துக்கு வழி திறந்ததும் வீடு புகுந்த பாம்புகளே. 1891இல் வியட்நாமின் பாக் லியு பகுதியில் வெள்ளம் பெருகியபோது நாகங்கள் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. கடிபட்டவர் சுமார் 40 பேர், மாண்டவர் நால்வர். அப்பாம்புகள் சைகோனில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத்திடம் அனுப்பப்பட்டன. அவர் தொடங்கிய ஆய்வு சில ஆண்டுகளில் விஷமுறிவுச் சீரமாகக் கனிந்தது. நாகத்தின் நஞ்சுக்கான சீரம் விரியன் கடிக்கு உதவாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவேதான் இந்தியாவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவான மருந்து தயாரிக்கப்படுகிறது. பிரித்தறிதல் என்னும் பழைய பாடம் ஆய்வுக்கூடத்திலும் உறுதிப்பட்டது.

அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைத் தருபவர்கள் தமிழகத்து இருளர்களே. பாம்புத்தோல் வணிகம் தடுக்கப்பட்டுப் பிழைப்பிழந்த அம்மக்களுக்காக 1978இல் சென்னைக்கு அருகே கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சைச் சேகரித்து, மீண்டும் அதைக் காட்டில் விட்டுவிடுவது அவர்தம் முறை. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எழுத்தறிவின்றியே தலைமுறை தலைமுறையாக வந்த ஓர் அறிவுக்கு இது காலந்தாழ்ந்த மரியாதை என்றே நாம் கருதுகிறோம்.

இத்தனை வழிகள் இருந்தும் துயரம் குறைந்தபாடில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவமனையில் அன்று, கிராமத்து இல்லங்களிலேயே உயிர்நீத்தனர். 2024 மார்ச்சில் இந்திய அரசு, 2030க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

அரசு செய்வது ஒருபுறம் இருக்க, நம் இல்லங்களில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரையே கடிக்கிறது. வலியும் வீக்கமும் தெரியாமலேயே விடியும்போது வயிற்று வலியாகவோ இமை சரிதலாகவோ அது வெளிப்படலாம். பாயை உதறுவதும், கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களை நன்கு செருகுவதும், வீட்டோரத்து விறகையும் குப்பையையும் அகற்றி எலிகளை ஒழிப்பதும், விளக்கின்றி வெளியே செல்லாதிருப்பதும் காப்பாகும். எலிகளைத் தின்னும் சாரையை அடித்துக் கொல்வதால் நமக்கே இழப்பு. வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் விலகி நின்று, அது சென்ற இடத்தைக் கவனித்து, பயிற்சி பெற்றவர்களையோ தீயணைப்புத் துறையையோ அழைக்க வேண்டும்.

கடிபட்டுவிட்டால் தாமதமே பெரும் நஞ்சு. இன்றும் நம்மவருள் சிலர் முதலில் ஓதிப்பார்க்கவும் தாயத்துக் கட்டவும் ஓடி, உயிர் காக்கும் மணித்துளிகளை இழந்துவிடுகின்றனர். நஞ்சு தீண்டியவருக்கு ஓதிப்பார்க்க நபிகளார் அனுமதித்தது உண்மையே. ஆயினும் மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கூறியவர்களும் அவர்களே. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, கட்டாமலும் கீறாமலும் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஓத விரும்புவோர் செல்லும் வண்டியிலேயே ஓதிக்கொண்டு செல்லலாம். அதற்கு எவ்விதத் தடையும் இல்லை.

அன்று அபூ ஸயீத் (ரலி) தம் விருந்தினரை அமரச் சொல்லிக் காட்டிய சைகையின் பொருள், பதற்றத்தை விடுத்து அறிந்து செயல்படு என்பதேயாம். பாம்பு முன்னே இருக்கும்போது அந்த நிதானமும், பாம்பு கடித்தபின் மருத்துவமனைக்குச் செல்லும் விரைவும் நம் இல்லங்களில் பழக்கமாக வேண்டும். இதனை மழைக்காலத்துக்கு முன்பே நம் ஜும்ஆ மேடைகளிலும் மத்ரஸாக்களிலும் எடுத்துரைப்பது ஆலிம்களின் கடமை என்று நாம் கருதுகிறோம்.