முடிவு தெரிந்த ஆட்டத்தை ஏன் ஆடுகிறோம்?

செஸ் ஆடுபவர்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி ஒன்று இருக்கு. இரண்டு பேரும் ஒரு பிழையும் விடாமல் ஆடினால் என்ன நடக்கும் என்பது ஆட்டம் தொடங்க முதலே நிச்சயம் தானே? அப்படியென்றால் மணித்தியாலக் கணக்கில் குந்தியிருந்து ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்கள்?

கிண்டலுக்குக் கேட்டாலும் கேள்வியில் உண்மை இருக்கு. 1913இல் ஏர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற ஜெர்மன் கணிதவியலாளர் செஸ் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். அவர் காட்டியதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: வெள்ளை கட்டாயம் வெல்லக்கூடிய வழி இருக்க வேண்டும், அல்லது கறுப்பு கட்டாயம் வெல்லக்கூடிய வழி இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் இரு தரப்பும் குறைந்தது ட்ரோவையாவது உறுதிப்படுத்திக்கொள்ளலாம். நாலாவது வழி கிடையாது. மூன்றில் எது சரி என்று அவர் சொல்லவில்லை. இன்று வரைக்கும் யாரும் நிரூபிக்கவும் இல்லை. பெரிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் ட்ரோ என்றுதான் நம்புகிறார்கள்.

பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் கீறி ஆடும் வட்டம் புள்ளடி ஆட்டத்தை நினைத்துப் பாருங்க. ஒன்பது பெட்டி. ஏழெட்டு வயதில் அதை வைத்து ஒரு முழுப் பாடவேளையையும் ஓட்டலாம். பத்து வயதாகும்போது யாரும் தோற்பதில்லை, யாரும் வெல்வதும் இல்லை. அதோடு அந்த ஆட்டத்தை விட்டுவிடுகிறோம். செஸ்ஸுக்கும் ஒரு நாள் இதே கதிதான் வரும் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கிற வாதம். அது சரியா என்று பார்க்க வரலாறு உதவும். ஏனென்றால் உண்மையிலேயே விடை கண்டுபிடிக்கப்பட்ட ஆட்டங்கள் இருக்கு. அவற்றின் சொந்தக்கார ஆட்டங்கள் எங்க கண்டிப் பக்கத்திலும் இருக்கு.

சிங்களப் புத்தாண்டுக் காலத்தில் ஆடுகிற ஒலிந்த கெலிய முதலாவது. பலகையில் குழிகள், குழிகளில் குன்றிமணி. சிங்களத்தில் ஒலிந்த என்றாலே குன்றிமணிதான். தமிழ் வீடுகளில் பல்லாங்குழி என்று சொல்வது இதன் அக்காவோ தங்கச்சியோ. இரண்டிலும் பகடை இல்லை, மறைவாக எதுவும் இல்லை. குழிக்குள் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். (சோழி உருட்டி ஆடும் பஞ்ச கெலியவையும் தாயத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே அதிர்ஷ்டம் வந்துவிடும்.)

மற்ற ஆட்டங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஹென்றி பார்க்கரிடம் போக வேண்டும். இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை செய்த ஆங்கிலேயர் இவர். 1909இல் வெளியான அவருடைய ‘ஏன்ஷன்ட் சிலோன்’ நூலில் குளங்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் பக்கத்தில் கிராமத்து ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தார். அதில் நெரெஞ்சி என்ற ஆட்டம் வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் கீறி, மூன்று காய்களை ஒரே கோட்டில் நிறுத்தினால் எதிராளியின் காயொன்றை எடுக்கலாம். இதன் கட்டங்கள் மிகிந்தலையில் கல்லில் வெட்டப்பட்டிருப்பதையும் பார்க்கர் எழுதியிருக்கிறார். இன்னொன்று திவியன் கெலிய, அதாவது சிறுத்தை ஆட்டம். அதில் ஒரு வகையின் பெயர் ‘தெமள திவியன் கெலிய’, தமிழ்ச் சிறுத்தை ஆட்டம். விவரத்தைப் பார்த்தால் அது எங்க ஆடுபுலி ஆட்டம் தானே! அயலவர்கள் அந்த ஆட்டத்தை எங்க பெயரோடு சேர்த்தே ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்கள்.

இப்போது விடைகளுக்கு வருவோம். நெரெஞ்சியின் ஐரோப்பிய வடிவத்தை, ஆளுக்கு ஒன்பது காய் வைத்து ஆடுவதை, 1993இல் ரால்ஃப் காசர் என்பவர் சூரிச்சில் கணினியை வைத்து முழுதாகத் தீர்த்தார். விடை: ட்ரோ. (செர்மெலோ தன் கட்டுரையை வெளியிட்டபோது பேராசிரியராக இருந்ததும் இதே சூரிச்சில்தான்.) பல்லாங்குழியின் ஆபிரிக்க உறவான அவாரியை 2002இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோன் ரொமெய்னும் ஹென்றி பாலும் தீர்த்தார்கள். சுமார் 88,900 கோடி நிலைகளைக் கணக்கிட்டார்கள். விடை: ட்ரோ. ஆடுபுலியின் நேபாள உறவு பாக்சால். நாலு புலி, இருபது ஆடு. அதையும் லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் தீர்த்தார்கள். அதுவும் ட்ரோ. பலகையும் காய்க் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இந்த விடைகள் எங்க ஊர் வடிவங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் செர்மெலோவின் வாதம் இவற்றுக்கும் பொருந்தும். அதனால் ஏதோ ஒரு விடை இருந்தே ஆக வேண்டும்.

இதில் மிகப் பெரிய வேலை டிராஃப்ட்ஸில் நடந்தது. இங்கே தாம் என்று சொல்லி, சோடா மூடிகளை வைத்து ஆடுவோமே, அதன் 64 கட்ட ஆங்கில வடிவம். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஷேஃபர் 1989இல் தொடங்கிய வேலை 2007இல்தான் முடிந்தது. அந்தப் பலகையில் வரக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 5க்குப் பின்னால் 20 பூச்சியம் போட்டால் வரும். விடை இதிலும் ட்ரோதான்.

ஆனால் டிராஃப்ட்ஸ்காரர்கள் இந்தப் பிரச்சினையைக் கணினி வர நூறு வருஷத்துக்கு முதலே சந்தித்துவிட்டார்கள். 1863இல் ஜேம்ஸ் வைலிக்கும் ரொபர்ட் மார்ட்டின்ஸுக்கும் நடந்த போட்டியில் 40 ஆட்டமும் ட்ரோ. இரண்டு பேரும் பாதுகாப்பான தொடக்கத்தையே திரும்பத் திரும்ப ஆடினார்கள். அப்போது மனிதர்கள் செய்த வேலை எங்களுக்குப் பிடித்திருக்கு. ஆட்டத்தைக் கைவிடாமல் தொடக்கத்தை மாற்றினார்கள். முதல் சில நகர்வுகளை ஆடுபவர் தெரிவுசெய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 1934இலிருந்து அமெரிக்காவில் முதல் மூன்று நகர்வுகளும் சீட்டில்தான். மனப்பாடம் செய்தவர் பாதுகாப்பான வீட்டிலிருந்து தெருவுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

அந்த விதியில் வளர்ந்தவர் மரியன் டின்ஸ்லி. கணிதம் கற்பித்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆடி அவர் தோற்ற ஆட்டங்கள் பத்துக்கும் குறைவு. அவரோடு ஆட வந்த மனிதர்கள் தோற்கப் பயந்து ட்ரோவுக்கு மட்டுமே ஆடினார்கள். அது அவருக்கு அலுத்துவிட்டது. ஷேஃபரின் சினூக் என்ற கணினி நிரலுக்கு அந்தப் பயம் கிடையாது. அதனால் அதோடு ஆடுவதற்கு அவர் ஆசைப்பட்டார். 1992இல் லண்டனில் டின்ஸ்லி 4 ஆட்டம் வென்றார், 2 தோற்றார், 33 ட்ரோ. 1994இல் மறுபடியும் ஆடினார்கள். ஆறு ட்ரோவுக்குப் பிறகு உடம்புக்கு முடியாமல் விலகினார், அடுத்த வருஷம் காலமானார். டிராஃப்ட்ஸுக்கு விடை ட்ரோவாகத்தான் இருக்கும் என்று அந்தத் துறையில் பலரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. டின்ஸ்லிக்கு அலுப்புத் தந்தது அந்த விடை இல்லை. எதிரில் இருந்தவர்கள் எதையும் முயன்று பார்க்காததுதான் அலுப்புத் தந்தது.

செஸ்ஸும் இதே பாதையில்தான் வருகிறது. 1920களில் உலகச் சம்பியனாக இருந்த கபபிளாங்கா, ட்ரோக்கள் ஆட்டத்தைக் கொன்றுவிடும் என்று பயந்து, பெரிய பலகையும் புதுக் காய்களும் வேண்டும் என்றார். 1996இல் பொபி ஃபிஷர் பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைக்கும் முறையை அறிவித்தார். அதில் 960 தொடக்க நிலைகள். 2018 உலகச் சம்பியன் போட்டியில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 நீண்ட ஆட்டங்களும் ட்ரோ. விரைவு ஆட்டம் வைத்துத்தான் முடிவு எடுத்தார்கள். செஸ் முடிந்தது என்று பலர் எழுதிய நேரம் அது.

ஆறு வருஷம் கழித்து சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2024 டிசம்பர் 12. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரனும் 13 ஆட்டம் முடிந்து 6.5க்கு 6.5. கடைசி ஆட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனால் நிலைமை ட்ரோ. கணினி அப்படித்தான் சொன்னது, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். குகேஷ் ட்ரோவுக்குப் போகாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானையும் யானையும் வெட்டுப்பட, மந்திரியும் மந்திரியும் வெட்டுப்படுவதைத் தவிர்க்க முடியாமல் போனது. மிஞ்சிய சிப்பாய்களில் குகேஷ் உலகச் சம்பியன். கோட்பாட்டின்படி அந்த நிலை ட்ரோ என்பது இன்றைக்கும் மாறவில்லை. ஆனால் மூன்று வாரம் களைத்த ஒரு மனிதர் மறுபக்கம் இருந்தார் என்பதைக் கோட்பாடு கணக்கில் எடுப்பதில்லை.

வட்டம் புள்ளடிக்கும் செஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கு. விடை இருப்பதால் ஆட்டம் அலுப்பதில்லை. விடை எங்க தலைக்குள் முழுதாக அடங்கும்போதுதான் அலுக்கிறது. 1950இல் கிளோட் ஷனன் போட்ட கணக்கின்படி செஸ்ஸில் ஆடக்கூடிய ஆட்டங்கள் 1க்குப் பின்னால் 120 பூச்சியம். கணினிகள் இதுவரை முழுதாகத் தீர்த்து வைத்திருப்பது பலகையில் மொத்தம் ஏழு காய் மிஞ்சிய நிலைகளைத்தான். ஆட்டம் தொடங்கும்போது இருப்பது 32. அந்த ஏழு காய்க்குள்ளும் பெரிய ஆட்டக்காரர்கள் தடுமாறுகிறார்கள். 2021 உலகச் சம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம் அப்படி ஒரு ட்ரோ நிலைக்குப் போன பிறகுதான் நெபொம்னியாச்சி பிழை விட்டார், கார்ல்சன் 136 நகர்வில் வென்றார்.

தமிழ்நாட்டில், திருவாரூர் மாவட்டத்தில் பூவனூர் என்ற ஊரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கு. சதுரங்கத்தில் தோல்வியே அறியாத அரசகுமாரியைச் சிவன் வயதானவராக வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். முடிவு முழுதும் தெரிந்தவர் என்று சொல்லப்படுகிற கடவுளே பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துதான் ஆட வேண்டியிருந்தது. “நான்தான் வெல்லுவேன், விளையாடத் தேவையில்லை” என்று அவரும் சொல்லவில்லை. கதையைச் சொன்னவர்களுக்கு ஆட்டம் என்றால் என்னவென்று நல்லாத் தெரிந்திருக்கு.

எங்களில் சிலர் வரலாறு படிக்கிறோம். அங்கேயும் இதே சிக்கல்தான். கண்டி இராச்சியம் 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கைச்சாத்தான ஒப்பந்தத்தோடு பிரித்தானியரிடம் போனது என்பது தெரியும். தெரிந்த பிறகு அதற்கு முந்திய எல்லாமே அந்தத் திகதியை நோக்கிப் போனது மாதிரித் தோன்றும். ஆனால் 1594இல் தந்துரவில் போர்த்துக்கேயரை வென்றவர்களுக்கு 1815 தெரியாது. 1638இல் பேராதனைப் பூங்காவுக்கு ஆற்றுக்கு அப்பால் இருக்கிற கன்னொருவவில் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையை அழித்தபோதும் தெரியாது. 1803இல் மேஜர் டேவியின் படை மகாவலிக் கரையில் அழிந்தபோதும் தெரியாது. 221 வருஷம் ஒரு சின்ன மலைநாட்டு இராச்சியம் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளோடு மாறி மாறி ஆடியது. முடிவை மட்டும் எழுதினால் அதற்கு ஒரு வரி போதும். படிக்க வேண்டியது அந்த 221 வருஷத்தில் இருக்கு.

கடைசியாக ஒன்று. விடை தெரிந்ததால் ஆட்டம் செத்துவிடும் என்ற பயத்துக்கு வரலாற்றில் பெரிய ஆதாரம் இல்லை. டிராஃப்ட்ஸை 2007க்குப் பிறகும் ஆடுகிறார்கள். பாக்சாலை நேபாளத்தில் இன்னும் ஆடுகிறார்கள். செஸ்ஸை எந்த மனிதரையும் விட நல்லா ஆடுகிற எஞ்சின் இன்று எல்லார் போனிலும் இருக்கு, அப்படியிருந்தும் சின்னப் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

அப்படியென்றால் ஆட்டம் எதனால் சாகிறது? ஒலிந்த பலகையை இப்போது வீட்டில் பார்ப்பதை விட நூதனசாலைக் கண்ணாடிக்குப் பின்னாலோ புத்தாண்டு விழா மேடையிலோ பார்ப்பதுதான் சுகம். நெரெஞ்சி என்றால் நெருஞ்சி முள் தானே என்று கேட்கிற வயதில்தான் நாங்க எல்லாரும் இருக்கிறோம். ஆடுபுலிக் கட்டத்தைத் தரையில் கீறத் தெரிந்தவர்கள் எங்க வகுப்பில் எத்தனை பேர் என்று கைவிரலில் எண்ணலாம். இந்த ஆட்டங்களை எந்தக் கணினியும் கொல்லவில்லை. ஆட ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். காசரின் விடை நூலகத்தில் பத்திரமாக இருக்கும். உங்க தோட்டத்தில், உங்க கிராமத்தில் எத்தனை காய், எந்தக் குழியில் நின்றால் தோல்வி என்ற விதி அப்பிடி எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. பார்க்கர் எழுதி நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, அவரும் எல்லா ஊருக்கும் போகவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டிமாரிடம், பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. விதிகளைக் கொப்பியில் எழுதி வையுங்க. எழுதி முடிந்ததும் அவர்களோடு ஒரு ஆட்டம் ஆடுங்க. பெரும்பாலும் தோற்பீங்க. அதைத் தெரிந்துகொண்டே ஆடுங்க.